பன்னிரண்டு வயிறுகளும் பதிமுக வெள்ளமும்

புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. நேரத்தை நான் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. குளோரியின் வீட்டில் சபைக் காலண்டருக்கு மேலே ஒரு கடிகாரம் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் நீட்டிய எவர்சில்வர் டம்ளரை வாங்கினேன். இரண்டு மடக்கு குடித்த பிறகு டம்ளருக்குள் பார்த்தேன். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

“இது என்னங்க?”

“வெள்ளமாக்கும் சாரே.”

“சிவப்பா இருக்கே?”

“பதிமுகம் போட்டுத் திளப்பிச்ச வெள்ளம். இஞ்ச எல்லா வீட்லயும் இதுதான். பச்ச வெள்ளத்த யாரு குடிப்பா?”

அடுக்களையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து காட்டினார். செந்நிற மரச்சீவல்கள். அவற்றோடு கருங்காலித் துண்டுகள், காய்ந்த வேர், கொஞ்சம் சீரகம். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது ஒரு பிடி போடுவார்களாம்.

“அப்போ இந்த மூணு நாளும் இதைத்தான் குடிச்சீங்களா?”

“வேற என்னத்த குடிக்க? சாயா வேண்டாம், காப்பி வேண்டாம், வெள்ளம் மட்டும் குடிங்கன்னு உங்க மோளு சொல்லிச்சு. நாங்க வெள்ளம் மட்டும்தான் குடிச்சோம், கேட்டியளா? ஒரு துளி சாயா குடிச்சிருந்தா எனக்க நாக்கு அழுவிப் போவட்டும்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. ஏமாற்றியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். சொன்னதைச் சொன்னபடி செய்தவரிடம் என்ன பேசுவது? மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தேன். அடி நாக்கில் லேசாகத் துவர்த்தது.

நாங்கள் கடல் தாண்டி வந்ததே அந்தத் துவர்ப்புக்காகத்தான்.

நான் மலேசியாவில், தைப்பிங் பக்கம், ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியன். என் மகள் அகிலா கோலாலம்பூரில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். பழத்திலும் தேயிலையிலும் மரப்பட்டையிலும் துவர்க்கிற பொருள்கள் பல பாலிஃபீனால் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் விழுங்குவதில் பெரும்பகுதி அப்படியே ரத்தத்தில் சேர்வதில்லை. பெருங்குடல்வரை போகிறது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சிறிதாக்குகின்றன. அந்தச் சிறு துண்டுகள்தான் உடம்புக்குள் ஏறி, சுற்றிவிட்டு, சிறுநீரில் வெளியேறுகின்றன. மாதுளையிலிருந்து கிடைக்கும் துண்டுகளுக்கு யூரோலித்தின் என்று பெயர். ஒரே மாதுளைச் சாற்றை இருவர் குடித்தாலும் ஒருவரிடம் அது நிறைய வரும், இன்னொருவரிடம் வரவே வராது. பழம் ஒன்றுதான். வயிற்றில் குடியிருப்பவர்கள் வேறு.

வெளிநாட்டில் பல வருடம் வேறு சாப்பாடு சாப்பிட்டால் அந்தக் குடியிருப்பு மாறுமா என்பது அகிலாவின் கேள்வி. அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் வளைகுடாவில் இருந்து திரும்பியவர்களும், ஊரைவிட்டுப் போகாத அவர்களுடைய உடன்பிறப்புகளும் வேண்டும். புதுக்கடைக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையில் அப்படி ஆறு ஜோடிகள் கிடைத்தார்கள். பன்னிரண்டு பேர். மூன்று நாள் துவர்ப்பான எதையும் தொடாமல் இருந்து வயிற்றைக் காலியாக்கிக்கொள்ள வேண்டும். நான்காம் நாள் அளந்த மாதுளைக் கரைசல். அதன்பின் இரண்டு நாள் சிறுநீரைச் சேர்த்துத் தர வேண்டும்.

நான் எதற்குப் போனேன் என்றால், பயத்தினால் போனேன்.

போன வருடம் அகிலாவுக்குக் குடலில் நோய்த்தொற்று வந்து பத்தொன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தாள். அதில் ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. தொற்று தண்ணீரிலிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். எந்தத் தண்ணீர் என்று யாருக்கும் தெரியவில்லை. பிழைத்து வந்தாள். வந்த பிறகு ஆய்வகத்தில் தன் சிறுநீரையே சோதித்துப் பார்த்திருக்கிறாள். நோய்க்கு முன் அவளிடம் மலைபோல உயர்ந்து நின்ற யூரோலித்தின் கோடு இப்போது தரையோடு தரையாகக் கிடந்தது. “ஆன்டிபயாட்டிக்ல என் வயித்துல வேலை பார்த்தவங்க எல்லாரும் போயிட்டாங்கப்பா” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவமனைக் கருவியின் சத்தம் இன்றும் சில நேரம் என் காதுக்குள் கேட்கிறது. பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை புதுக்கடைச் சந்திப்பில் ஒரு விடுதியில் இரண்டு அறை எடுத்தோம். நான் முதலில் செய்த காரியம், மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில்கள் இரண்டு பெட்டி வாங்கி அறையில் அடுக்கியது.

திங்களும் செவ்வாயும் வீடு வீடாகப் போனோம். எங்கள் ஆட்டோ ஓட்டுநர் ஸ்டீபன் பேசிக்கொண்டே ஓட்டுவார். திரும்பிப் பார்த்துப் பேசுவார். இங்கே பேச்சு பாட்டுப் போல ஏறி இறங்குகிறது. பாதி புரிவதற்குள் மீதி கடந்துவிடும். ஆனால் ழகரத்தை இவ்வளவு சுத்தமாகச் சொல்கிறார்கள். என் வகுப்பில் வருடம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியும் நான் கொண்டுவர முடியாதது அது.

திங்கட்கிழமை காலை, சபைக் கூடத்தில் பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்து அகிலா விளக்கினாள். குளோரிதான் ஆட்களைத் திரட்டியவர். ஐம்பது வயது, மகளிர் குழுத் தலைவி. அவருடைய தம்பி குவைத்திலிருந்து திரும்பியவர் என்பதால் அவரும் ஒரு ஜோடியில் பாதி. முன்வரிசையில் நசீர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடம் தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். அவருடைய அண்ணன் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர்.

“சில பேரு வயித்துல அந்த நுண்ணுயிர் இருக்காது. அப்போ மாதுளை குடிச்சாலும் அது மாறாது” என்றாள் அகிலா.

“புரிஞ்சுது மக்ளே” என்றார் நசீர். “மெட்டீரியல் சைட்டுக்கு வந்தாச்சு, வேலைக்கு ஆளில்ல. அப்பிடித்தானே?”

மூன்று வருடமாக அவள் எனக்கு விளக்கியதை இவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

உணவுப் பட்டியலைக் கேட்டபோது கூடத்தில் ஒரு முனகல். சிவப்பரிசி கூடாது, வெள்ளை அரிசிதான். மீன் உண்டு, உப்பு மட்டும் போட்டு. மிளகாய், மிளகு, புளி, மஞ்சள், பழம், முந்திரி எதுவும் கூடாது. முட்டை, பால், தயிர் உண்டு.

“ஏட்டி, இது பிள்ள பெத்தவளுக்குக் குடுக்கிய சாப்பாடுல்லா?” என்று பின்னால் ஒரு பெண் சொல்ல, “அவளுக்காவது நல்லமொளவு உண்டு” என்றார் குளோரி.

ஒவ்வொரு வீட்டிலும் முதலில் தண்ணீர்தான் நீட்டினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நான் என் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, “இருக்குங்க, வேண்டாம்” என்றேன். அகிலா ஓரிரு முறை கையை நீட்டினாள். நான் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டாள். டம்ளர்களைத் திரும்ப உள்ளே கொண்டுபோனார்கள். அவற்றுக்குள் என்ன நிறம் என்று நாங்கள் பார்க்கவே இல்லை.

செவ்வாய் மாலை பேருந்தில் எங்களுக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டது எனக்கே விளங்கியது. ஒருத்தி: இவர்கள் மூத்திரம் வாங்குவதற்காக மலேசியாவிலிருந்து வந்திருக்கிறார்கள். மற்றவள்: ஏன், அங்கே கிடைக்காதா?

புதன் காலை, சிறுநீர் பிடிக்கும் வெள்ளைக் கேன்களை வீடு வீடாகக் கொடுத்துவர நான் தனியாகக் கிளம்பினேன். அகிலாவை வெயிலில் அலைய வேண்டாம் என்று விடுதியில் விட்டிருந்தேன். குளோரியின் வீட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போது ஏற்றத்தில் ஆட்டோ இருமி நின்றது. ஸ்டீபன் இறங்கி, அதைச் சுற்றி வந்து, “பேடிக்காதீங்க சாரே, இப்பம் செரியாவும்” என்றார். அரைமணி நேரம் ஆனது. கேன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ரப்பர் மரங்கள் வரிசையாக நின்றும் நிழல் சாலைக்கு வரவில்லை. பாட்டில் ஆட்டோவிலேயே தங்கிவிட்டது. குளோரியின் வீட்டு வாசலில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் என்னை உட்கார வைத்து டம்ளரை நீட்டினார். மணி பதினொன்று இருபது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சட்டைப் பையில் தொலைபேசி இருந்தது.

சொல்லவில்லை. என் மனம் ஒரே சாலையில் ஓடியது. சொன்னால் மூன்று நாள் உழைப்பும் போகும். முதலிலிருந்து தொடங்குவாள். பன்னிரண்டு வீடு, வெயில், உப்புச் சோறு. பட்டியல் சாப்பாட்டைத் தானும் சேர்ந்து சாப்பிடுகிறவள் அவள். நோய்க்குப் பிறகு அவள் எடை இன்னும் திரும்பவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் அப்படி என்ன இருந்துவிடப்போகிறது? நிறம்தானே? ஆனால் அந்தத் துவர்ப்பு நாக்கில் அப்படியே இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும்.

மதியம் விடுதியில் இலைச் சாப்பாடு. சாளைக் குழம்பு அவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பாதியிலேயே இலையை மடித்துவிட்டேன். மூன்று மணிக்கு அகிலா மாதுளைத் தூளைக் கரைக்கத் தொடங்கினாள். முந்தின நாளே கரைத்துக் குளிரில் வைக்க வேண்டும். கரைத்தால் மறுநாளே குடித்துவிட வேண்டும். பன்னிரண்டு பொட்டலம். அதுபோக, ஏதாவது சிந்தினால் இருக்கட்டும் என்று இன்னொரு பன்னிரண்டு. அவள் ஒவ்வொன்றாகக் கரைக்கக் கரைக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியைக் கழுவிக் கொடுத்தேன்.

ஆறு மணிக்குச் சொன்னேன். அதற்கு மேல் முடியவில்லை.

அவள் கடைசிப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகி முடித்துவிட்டுக் கேட்டாள். “எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?”

“பதினொன்று இருபது.”

“நான் மூணு மணிக்குக் கரைச்சேன். நீங்க கரண்டி எடுத்துக் கொடுத்தீங்க.”

“தண்ணிதானேம்மா, கொஞ்சம்...”

“எந்த வீட்டுல எந்தப் பொட்டலம், எவ்வளவு நேரம் கொதிச்சது, யார் எத்தனை டம்ளர்? யாருக்கும் தெரியாது. மூணு நாள். அதுக்கு மேல மாதுளையை ஊத்தினா, எந்தத் துண்டு எதுலருந்து வந்ததுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஒருத்தர் ஒரு வாய் ஏதோ குடிச்சிட்டேன்னு சொன்னா எழுதி வச்சுக்கலாம்பா. எழுதிட்டா அதுவும் ஒரு தகவல். மறைச்சாதான் மத்த எல்லாத்தையும் கெடுக்கும்.”

சன்னல் பக்கம் போய் நின்றாள். கீழே சந்திப்பில் பேருந்துகள் அலறின.

“முதல் நாளே யார் வீட்டுலயாவது ஒரு கிளாஸ் வாங்கிக் குடிச்சிருந்தா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

குடிக்க விடாதவன் நான். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பாட்டிலைத் தூக்கித் தூக்கிக் காட்டியவன். அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

“நாளைக்குக் காலையில நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க” என்றாள்.

வியாழன் காலை ஏழு மணிக்கு மாதுளை குடிக்க வந்தவர்கள் முன்னால் எழுந்து நின்றேன். முப்பது வருடம் வகுப்பெடுத்த பழக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பதிமுகத் தண்ணீரிலும் அதே வகைப் பொருள் இருக்கிறது, எங்கள் பட்டியலில் அதை எழுதாதது எங்கள் தவறு, மறுபடி தொடங்க வேண்டும் என்றேன். நேற்றுப் பதினொன்று இருபதுக்கே எனக்குத் தெரியும், ஆறு மணிவரை மகளிடமே மறைத்தேன் என்பதையும் சொன்னேன்.



நசீர்தான் முதலில் பேசினார். “ஒரு காரியம் கேக்கட்டா சாரே? மூணு நாளா எங்க யாரு வீட்லயும் நீங்க வெள்ளம் குடிக்கல்ல. எங்க வெள்ளம் அவ்வளவு மோசமா?”

“இல்லை. பயம்.”

“என்ன பயம்?”

சொன்னேன். பத்தொன்பது நாளையும் சொன்னேன். அகிலா தலையைக் குனிந்துகொண்டு கேன்களின் எண்களைச் சரிபார்ப்பது போல இருந்தாள். குளோரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அத முதல்லயே சொல்லப்பிடாதா சாரே? நாங்க என்னவெல்லாமோ நெனச்சோம். உங்களுக்க கெத்துன்னு நெனச்சோம்” என்றார்.

“அதெல்லாம் செரி” என்றார் நசீர். “இன்னும் மூணு நாளு பத்தியம், அதுக்கு மேல ரெண்டு நாளு. அஞ்சு நாளு சாயா இல்லாம எனக்கு ஒக்காது. ஒரு நாளைக்கு எட்டு கிளாஸ் குடிக்கிய ஆளாக்கும் நான். இப்பமே தல வெட்டிப் பொளக்குது.”

அவர் போனால் அவருடைய அண்ணனின் கணக்கும் பயனில்லாமல் போகும். ஆனால் கெஞ்சக் கூடாது என்று அகிலாவுக்கு ஒரு விதி உண்டாம், விருப்பமில்லாதவரை இழுக்கக் கூடாது.

“சாரு குடிப்பியளா சாயா?” என்று நசீர் என்னைக் கேட்டார்.

“நாலு கிளாஸ்.”

“அப்பம் நீங்களும் விடணும். அஞ்சு நாளு. எனக்க கூட.”

சரி என்றேன். எங்கள் ஊர்ப் பால் கலக்காத தே ஓவையும் இவர்கள் கட்டன் சாயாவையும் நினைத்துக்கொண்டு சரி என்றேன். கரைத்து வைத்திருந்த பன்னிரண்டு புட்டிகளையும் கூடத்துக்குப் பின்னால் தென்னை மரத்தடியில் ஊற்றினோம். இருந்தது இன்னொரு பன்னிரண்டு பொட்டலம் மட்டும். இனி ஒன்று தவறினாலும் மாற்று இல்லை.

வெள்ளியும் சனியும் மறுபடி வீடு வீடாக. இம்முறை ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் கேட்டோம். நிறம் பார்க்க வேறு வழியில்லை. கொதித்து ஆறிய வெறும் தண்ணீர், கண்ணாடித் தம்ளரில், சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி நீட்டினார்கள். முதல் வீட்டில் நான் வாங்கிக் குடித்தேன். இரண்டாவது நசீரின் வீடு. அவருடைய மனைவி நீட்டிய தம்ளரை அகிலா வாங்கினாள். என் கை தானாக எழுந்து பாதியில் நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். அவள் முழுவதையும் குடித்து, தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“நிறமில்லாத வெள்ளம் குடிச்சா ஆசுவத்திரி ஓர்மதான் வருது” என்று நசீர் முகத்தைச் சுளித்தார்.

அன்று சாயங்காலம் வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாளும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதும், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது.

தேநீர் இல்லாத நாள்கள் நீளமானவை. சாயங்காலம் நாலரை ஆனால் புதுக்கடைச் சந்திப்பு முழுக்கச் சாயா வாசனையும் வாழைக்காய் பஜ்ஜி வாசனையும். கடைக்காரர் ஒரு கையை வானத்துக்கும் ஒரு கையைப் பூமிக்கும் நீட்டி ஆற்றுவதை நான் எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பேன். தலை இரண்டு பக்கமும் இடித்தது. சாயாவோடு மற்றதையும் நானே விட்டிருந்தேன்; உப்பு போட்ட அயிலையும் வெள்ளைச் சோறும் மூன்றாம் வேளையில் காகிதம் போல ஆகிவிட்டன. அகிலா ஒரு முறைகூட முணுமுணுக்கவில்லை. அவள் எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று எண்ணுவதை நிறுத்த முயன்றேன். நிறுத்த முடியவில்லை, எண்ணிக்கையை வெளியே சொல்லாமல் இருக்க மட்டும் முடிந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேரும் மாதுளையைக் குடித்தார்கள். குடித்துவிட்டு நிமிர்ந்த குளோரி அகிலாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மோளே, ஒரு காரியம். எட்டரைக்குத் திருவிருந்து ஆராதனை. அதுல திராட்சரசம் உண்டு.”

“எவ்வளவு ஆன்ட்டி?”

“ஒரு சின்ன மடக்கு. ஆனா நான் எடுக்காம இருக்க முடியாது. கர்த்தருக்க பந்தியில உனக்க லிஸ்ட் செல்லாது பிள்ளே.”

“எடுத்துக்கங்க ஆன்ட்டி. எத்தனை மணிக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

பத்து மணிக்குத் திரும்பி வந்து, “ஒம்பது முப்பத்தஞ்சு. எனக்கும் தம்பிக்கும் ஒரே நேரம்” என்று குளோரி சொல்ல, அகிலா எழுதிக்கொண்டாள். பிரசங்கத்தின்போது கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் போதகர் ஐயர் அவரை முறைத்தாராம்.

திங்கட்கிழமை பனிக்கட்டி வரவில்லை. மாதிரிகளைத் திருவனந்தபுரத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும்வரை குளிரில் வைக்க ஏற்பாடு செய்திருந்த கட்டிகள் எங்கோ வழியில் நின்றுவிட்டன. நசீரின் அண்ணன் துறைமுகத்து ஐஸ் ஆலையிலிருந்து இரண்டு பெட்டி நிறைய நொறுக்கிய ஐஸ் வாங்கிக் கொடுத்தார். பெட்டிகளில் நேற்றைய நெத்திலியின் செதில் ஒட்டியிருந்தது. அவற்றை ஏற்ற ஸ்டீபன் ஒத்துக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு. “வழியில யாராவது கேட்டா மீனுன்னு சொல்லணும் சாரே. நாளைக்கும் எனக்கு இந்த வண்டியில ஆளு ஏறணும்லா?”

அன்று மாலை ஐஸ் பெட்டிகளோடு துறைமுகத்திலிருந்து திரும்பும்போது நசீரைப் பார்த்தேன். சாயாக் கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடைப் பலகையில் நாலைந்து பேரோடு இருந்தார். கையில் எதுவுமில்லை. என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார், சிரிக்கவில்லை. தலைவலிதான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அப்போது தலைவலிதான்.

செவ்வாய் காலை ஆறு மணிக்குக் கடைசிக் கேன்கள் வர வேண்டும். எட்டு மணிக்குத் திருவனந்தபுரத்துக்கு வண்டி. ஆறரைக்குள் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பையில், துணிப்பையில், ஒருவர் பள்ளிக்கூடப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். ஏழு மணிக்குப் பதினொன்று. நசீரின் அண்ணனும் வந்துவிட்டார்.

“தம்பி எங்கே?”

“வெளுப்புக்கே எழும்பிட்டான். கேனையும் வச்சிட்டு முற்றத்துல இருந்தான். நான் கூப்பிட்டேன், நீ போன்னு சொல்லிட்டான்.”

ஏழு இருபதுக்கு அகிலா தொலைபேசியில் அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. குளோரி, “வருவான். வாய்தான் அப்பிடி. வந்திருவான்” என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அவருக்கே நம்பிக்கை குறைந்திருந்தது. அகிலா பதினோரு கேன்களுக்கும் ஐஸை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவதற்கான குழியை மட்டும் கையால் பிடித்து வைத்திருந்தாள். விரல்கள் சிவந்துவிட்டன. கையை எடு என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கையைக் குழிக்குள் வைத்தேன்.

வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்காமல் மணியைப் பார்த்தார்.

ஏழு ஐம்பதுக்கு ஸ்டீபனின் ஆட்டோ இருமிக்கொண்டு கூடத்து வாசலில் வந்து நின்றது. நசீர் இறங்கினார். வளைகுடா விமான நிலையத்துக் கடைப் பை ஒன்றில் கேனைப் போட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அகிலாவிடம் நேரே போனார். ஆனால் பையைக் கொடுக்கவில்லை. முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். குளோரியையும் மற்ற எல்லாரையும் பார்த்தார்.

“பேனா எடு மக்ளே” என்றார். “நேத்தைக்கு வைகுந்நேரம். நாலே முக்கால். பாதி கிளாஸ் கட்டன் சாயா. சீனி போடல்ல.”